மூட்டுவாதமும் மூலிகைச் சாரமும்

நம் சங்கத்தில் எந்த விழா நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவரும் நேரத்தில் யாராவது ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து அமர்வார். "சார், நீங்க மருந்துக் கம்பெனியில இருந்தவராச்சே, மூட்டுவலிக்கு நல்ல மூலிகை ஏதாவது இருக்கா?" என்பார். நான் மருத்துவன் அல்லன். மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். மாத்திரை அட்டையில் எழுதியிருக்கும் மருந்து, எழுதியிருக்கும் அளவில், உள்ளே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதே என் தொழில். ஆகவே நெடுநாள் வரை "டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். அப்படித் தப்பிப்பது சரியில்லை என்பதை என் அக்காவின் கைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

அக்கா இங்கே புனேயில் கிர்க்கியில் இருக்கிறாள். மார்கழி முழுவதும் வாசலில் புள்ளிக்கோலம் போடுபவள். 2015 மார்கழியில் ஒரு காலை நான் போனபோது வாசல் வெறுமையாக இருந்தது. "விரல்ல பொடி நிக்க மாட்டேங்குதுடா" என்றாள். காபி ஃபில்டரைத் திறக்கக்கூட மாமா எழுந்து வர வேண்டியிருந்தது. இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. படுக்கையை விட்டு எழுந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விரல்கள் மடங்கின. "வயசாகுது, குளிர் வேற" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

தை மாதம், தெரிந்தவர் ஒருவர் ஒரு பொடி வாங்கி வந்து தந்தார். லேபிள் இல்லாத பிளாஸ்டிக் உறை. முழுக்க முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது என்றார். மூன்றாம் நாள் காலை அக்கா தானே ஊறுகாய் ஜாடியைத் திறந்தாள். வீடே கொண்டாடியது. அந்தப் பொடியை நானே இரண்டு பேருக்குச் சிபாரிசும் செய்தேன். ஆயுள் முழுவதும் மருந்தைச் சோதித்தே சம்பளம் வாங்கியவன், அந்த உறையை ஒருமுறை கூடச் சோதிக்கவில்லை.

எட்டு மாதம் ஓடியது. அக்காவின் முகம் உருண்டையாக உப்பியது. சர்க்கரை ஏறியது. லேசாக இடித்தாலே கையில் நீலம் பூத்தது. ஊரில் ஒரு திருமணத்துக்குப் போனவள் பொடியை எடுத்துச் செல்ல மறந்துவிட்டாள். ஐந்தாம் நாள் வாந்தியோடு மயங்கி விழுந்தாள். ரத்த அழுத்தம் மிகவும் கீழே இறங்கியிருந்தது. மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நாளா ஸ்டீராய்டு சாப்பிடுறீங்க?" என்பது. "ஸ்டீராய்டா? வெறும் மூலிகைதாங்க" என்றாள் அக்கா.

உறையின் அடியில் மிஞ்சியிருந்த பொடியை என் பழைய நண்பரின் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றேன். சிலிக்கா பூசிய தகட்டில் ஒரு பக்கம் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, மறுபக்கம் பொடியின் கரைசல் என்று புள்ளி வைத்துக் குரோமட்டோகிராபி செய்தோம். இரண்டும் ஒரே உயரத்துக்கு ஏறி நின்றன. இன்னொரு கருவியிலும் பார்த்து உறுதி செய்துகொண்டோம். மூலிகை இருந்தது உண்மை. வேலை செய்தது மூலிகை அல்ல.

அன்றிலிருந்து, மூட்டு அழற்சிக்கு மூலிகைகளால் உண்மையில் என்ன முடியும் என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டு வகை மூட்டுவலி

முதலில் ஒரு வேற்றுமை. வயதானவர்களின் முழங்காலில் பெரும்பாலும் வருவது தேய்மானம். ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். அக்காவுக்கு வந்தது வேறு. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் படை, மூட்டின் உட்புறச் சவ்வையே பகையாக எண்ணித் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இரு கைகளிலும் ஒரே மாதிரி விரல் மூட்டுகளில் வீக்கம், காலையில் நெடுநேரம் விறைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள்.

இதில் வலி வேறு, அரிப்பு வேறு என்பதை மனத்தில் வைக்க வேண்டும். வலியைக் குறைக்கும் மருந்தெல்லாம் எலும்பின் அரிப்பை நிறுத்தும் மருந்து ஆகாது. அரிப்பு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பலருக்குத் தொடங்கிவிடுகிறது. ஆகவே தொடக்க மாதங்களில் தரும் சிகிச்சையே பெருமளவு பயன் தருகிறது. அரித்துப்போன எலும்பை எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை.

செடிகள் தந்த மருந்துகள்

செடிகளில் மருந்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்பிரினின் கதை வில்லோ மரப்பட்டையில் தொடங்குகிறது. அந்தப் பட்டையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்ததை 1763-ல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1828-ல் பட்டையிலிருந்து சாலிசினைப் பிரித்தார்கள். 1897-ல் ஜெர்மனியில் ஆஸ்பிரின் தயாரானது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் விளக்கியதோ 1971-ல்தான். ஆனால் ஆஸ்பிரின் வலியையும் வீக்கத்தையும் தணிக்குமே தவிர, முடக்குவாதத்தின் அரிப்பை நிறுத்தாது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். திண்டுக்கல், திருப்பூர், கரூர்ப் பக்கம் இதைப் பந்தல் போட்டு வளர்த்து, விதைகளை மருந்துக்காக ஏற்றுமதி செய்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கப்படும் கால்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் கௌட் என்ற மூட்டு அழற்சிக்குக் கைகண்ட மருந்து. ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். அதே செடியின் கிழங்கைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. மருந்தும் நஞ்சும் ஒரே பொருள்தான்; இடையில் நிற்பது அளவு. கிழங்கைக் கையால் இடித்து வாயில் போடுபவருக்கு அந்த அளவு எப்படித் தெரியும்?

மஞ்சளின் கணக்கு

அடுத்து எல்லோரும் கேட்பது மஞ்சள். அதிலுள்ள குர்குமின் என்ற மஞ்சள் நிறப் பொருள், அழற்சியைத் தூண்டும் பல பாதைகளைச் சோதனைக் குழாயில் தடுக்கிறது. நம் நாட்டிலேயே 1980-ல் 18 முடக்குவாத நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரளவு பலன் தெரிந்தது. 2012-ல் வெளியான மற்றோர் ஆய்வில் 45 பேரை மூன்று பிரிவாக்கி, குர்குமின், டைக்ளோஃபினாக், இரண்டும் சேர்த்து என்று கொடுத்தார்கள். குர்குமின் எடுத்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். இரண்டும் ஆர்வமூட்டும் ஆய்வுகள். ஆனால் 18 பேரையும் 45 பேரையும் வைத்து ஒரு மருந்தை நிலைநாட்ட முடியாது.

வீட்டுக் கணக்கு ஒன்றும் போட்டுப் பார்க்கலாம். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். 1200 மில்லிகிராம் வேண்டுமானால் நாள்தோறும் 40 கிராம் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும். எந்தச் சாம்பாரும் அதைத் தாங்காது. அப்படியே சாப்பிட்டாலும் குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குள் எளிதில் ஏறுவதில்லை. இதனால்தான் கடைகளில் விற்கும் மாத்திரைகளில் மிளகின் காரப்பொருளான பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் ஏறும் அளவு 20 மடங்கு கூடியது.

நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதிகமாக உள்ளே போனால் நன்மையோடு தீமையும் கூடலாம். மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்காவில் 2022-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் ஒருவர் இறந்தார். சமையல் மஞ்சளைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சமையல் மஞ்சளும் செறிவூட்டிய சாரமும் வெவ்வேறு பொருள்கள் என்பதுதான் செய்தி.

எலியின் பாதமும் மனிதனின் கையும்

"முடக்கத்தான் கீரைக்கு அழற்சியை அடக்கும் சக்தி உண்டு என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று பத்திரிகையில் வரும். பெயரிலேயே முடக்கை அறுப்பது என்ற பொருள் உள்ள கீரையாயிற்றே. கண்டுபிடித்தது உண்மைதான், பெரும்பாலும் எலிகளில். கடற்பாசியிலிருந்து எடுத்த காராஜீனன் என்ற பொருளை எலியின் பாதத்தில் ஊசியால் செலுத்துவார்கள். பாதம் சில மணி நேரத்தில் வீங்கும். முன்கூட்டியே மூலிகைச் சாரம் கொடுத்த எலிக்கு வீக்கம் குறைவாக இருந்தால், சாரத்துக்குச் சக்தி உண்டு என்று எழுதுவார்கள். நொச்சி, சல்லகி, இஞ்சி, அமுக்கரா என்று எத்தனையோ செடிகள் இந்தத் தேர்வில் தேறியிருக்கின்றன. ஆனால் ஒரு மாலைநேர வீக்கமும் பல்லாண்டுகள் தொடரும் முடக்குவாதமும் ஒன்றாகுமா? இது நுழைவுத் தேர்வு மட்டுமே.

மெய்யான தேர்வு மனிதர்களிடம்தான். அதற்கு நம் புனேயிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. டாக்டர் அர்விந்த் சோப்ராவும் அவர் குழுவினரும் அமுக்கரா, சல்லகி, இஞ்சி, மஞ்சள் ஆகிய நான்கின் சாரம் கலந்த ஆயுர்வேத மருந்தை 182 முடக்குவாத நோயாளிகளிடம் 16 வாரம் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. மூலிகை எடுத்தவர்களில் பலர் தேறினார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் பலர் தேறினார்கள்! மூட்டு வீக்கம், ருமட்டாய்டு ஃபாக்டர் போன்ற ஓரிரு அளவுகளில் மூலிகை முந்தியது. மற்றவற்றில் பெரிய வேற்றுமை இல்லை.

இதைப் படித்தபோதுதான் பந்தியில் கேட்கும் கதைகள் எனக்கு விளங்கின. "எனக்குக் கேட்டது சார்" என்பவர் பொய் சொல்வதில்லை. முடக்குவாதம் தானாகவே ஏறி இறங்கும் நோய். மிகவும் வலிக்கும் வாரத்தில்தான் நாம் புது மருந்து தேடுகிறோம். அடுத்த வாரம் வலி இறங்கினால் பெயர் மருந்துக்குப் போகிறது.

கோவையிலும் ஒரு முயற்சி நடந்தது. ஆயுர்வேத வைத்தியர்கள் நோயாளியின் உடல்வாகு பார்த்துத் தரும் முழுச் சிகிச்சையையும், மெதோட்ரெக்ஸேட் என்ற நவீன மருந்தையும், இரண்டும் சேர்ந்ததையும் 43 பேரிடம் ஒப்பிட்டு 2011-ல் வெளியிட்டார்கள். கஷாயத்துக்குக்கூட வெற்றுக் கஷாயம் தயாரித்திருந்தார்கள். மூன்று பிரிவும் ஏறக்குறைய சமமாகவே வந்தன. ஆயுர்வேதத்தை எள்ளி நகையாடுவோர் இதைப் படிக்க வேண்டும். "ஆயுர்வேதம் வென்றது" என்று முழங்குவோரும், மூன்று பிரிவிலும் சேர்த்தே 43 பேர்தான், இதைப் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சக்தி உண்டென்றால் நஞ்சும் உண்டு

முடக்குவாதத்தில் மிகவும் வலுவான சான்று உள்ள மூலிகை நம் நாட்டுடையது அன்று. சீனாவின் இடிக்கடவுள் கொடி. தாவரப் பெயர் ட்ரிப்டெரிஜியம். 2015-ல் வெளியான சீன ஆய்வில் 207 நோயாளிகள் பங்கேற்றார்கள். 24 வாரத்தில் நோய் பாதியளவு குறைந்தவர்கள் மெதோட்ரெக்ஸேட் பிரிவில் 46.4 சதவீதம், கொடியின் சாரம் எடுத்தவர்களில் 55.1 சதவீதம், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 76.8 சதவீதம்.

அப்படியானால் உடனே வரவழைக்கலாமா? கூடாது. அந்தக் கொடி பெண்களுக்கு மாதவிலக்கை நிறுத்திவிடக்கூடும். ஆண்களுக்கு விந்தணுவைக் குறைக்கும். சரியாகப் பதப்படுத்தாவிட்டால் உயிரையே வாங்கும். உடலின் காவல் படையை அடக்கும் வலிமை ஒரு பொருளுக்கு இருந்தால், அது மரத்தில் காய்த்ததானாலும் ஆலையில் செய்ததானாலும் விளைவுகள் உண்டு. பக்கவிளைவே இல்லாத மூலிகை என்று யாராவது சொன்னால், முதலில் அதற்கு விளைவு உண்டா என்று கேளுங்கள்.

இலையில் தொடங்கிய இன்னொரு கதை

அக்காவுக்கு டாக்டர் கொடுத்தது மெதோட்ரெக்ஸேட். "அது கேன்சர் மருந்தாமே" என்று அவள் பயந்தாள். அவளுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

1941-ல் அமெரிக்காவில் பசலை வகைக் கீரையிலிருந்து ஒரு வைட்டமினைப் பிரித்தார்கள். இலை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லை வைத்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவர், ஆந்திராவின் பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்ரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். அமெரிக்கா செல்லும் முன் சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, வெறிகொண்டு பெருகும் செல்களை நிறுத்தும் போலிச் சாவிகளையும் அவர் குழு உருவாக்கியது. அவற்றில் ஒன்றுதான் மெதோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்குப் பெரிய அளவில் தரப்படும் அந்த மருந்து, வாரம் ஒருமுறை மிகச் சிறிய அளவில் முடக்குவாதத்தை அடக்குகிறது. 1988-ல் அமெரிக்க அரசு இதை முடக்குவாதத்துக்கு அங்கீகரித்தது.

அக்கா கேட்டுவிட்டு, "அப்ப இதுவும் கீரையில இருந்து வந்ததுதானா?" என்றாள். கீரையைப் பார்த்துச் செய்தது என்றேன். அன்று இரவு முதல் மாத்திரையை விழுங்கினாள்.

சில யோசனைகள்

1. இரு கை விரல்களிலும் வீக்கமும், காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பும் ஆறு வாரம் நீடித்தால், வாதநோய் நிபுணரிடம் உடனே போங்கள். "குளிர் போனதும் சரியாகும்" என்று காத்திராதீர்கள்.

2. இரண்டு மூன்று நாளில் வலியைத் துடைத்தெறியும் பொடியைச் சந்தேகியுங்கள். உறையில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், சேர்ந்துள்ள பொருள்கள் இல்லையென்றால் தொடாதீர்கள். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், உறையோடு டாக்டரிடம் போங்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் நம் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடுகிறது. சட்டென்று நிறுத்தினால் அக்காவுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

3. சித்த, ஆயுர்வேத சிகிச்சை வேண்டுமானால் முறையாகப் படித்துப் பதிவு பெற்ற வைத்தியரிடமே எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதை மற்ற டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறலாம், பொட்டாசியம் குறையலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு மஞ்சள், இஞ்சிச் சார மாத்திரைகள் சிக்கல் தரலாம்.

4. மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். எந்தக் கிழமை என்று காலண்டரில் எழுதி வையுங்கள். டாக்டர் சொல்லும் ரத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப் போடாதீர்கள். தாய்மை அடைய விரும்பும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

5. முடக்கத்தான் தோசை, மஞ்சள் போட்ட ரசம், நொச்சி இலை போட்ட வெந்நீர் ஒத்தடம் எல்லாம் தாராளமாக இருக்கட்டும். உணவாகவும் இதமாகவும் இருக்கட்டும். மருந்தின் நாற்காலியில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

நான் சிபாரிசு செய்த அந்த இரண்டு பேரின் வீட்டுக்கும் நேரில் போனேன். ஒருவர் உறையைப் பிரிக்கவே இல்லை. மற்றவர் மூன்று மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை அன்றே டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

அக்காவின் வலது கையில் இரண்டு விரல் மூட்டுகள் எக்ஸ்ரேயில் அரிப்புடனேயே இருக்கின்றன. அவை திரும்பப்போவதில்லை. மற்ற மூட்டுகளில் அரிப்பு பரவவில்லை. கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பொடி விடப் பழகிக்கொண்டாள். கோடு முன்போல மெல்லியதாக வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறாள். சென்ற மார்கழியில் ஒரு நாள்கூட வாசல் வெறுமையாக இல்லை.